மூன்றாவது சிலிண்டரின் இருமல்

கிழட்டு பிக்கப் ஒரே வாரத்தில் மறுபடி ஷெட்டுக்குள் நுழைந்தபோது பாராட்டத்தான் வந்திருக்கிறது என்று டாக்டருக்கு உச்சி குளிர்ந்தது. டாக்டர் என்றால் பட்டம் வாங்கினவர் இல்லை. ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இஞ்சின் மேல் நகர்த்தி நோய் சொல்கிற மெக்கானிக். அந்தக் காதைப் பற்றி ஊரே பேசும். அதில் அவருக்குத் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு.

போன வாரம் வந்தபோது வண்டி மேடு ஏற மறுத்தது, நின்ற இடத்தில் உடம்பெல்லாம் உதறியது. டாக்டர் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். மற்ற மூன்றில் எதைக் கழற்றினாலும் இஞ்சின் தடுமாறியது. மூன்றாவது சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. ஆக, சும்மா உட்கார்ந்து பொழுதைக் கழிக்கும் சோம்பேறி அதுதான். பிளக்கையும் ஒயரையும் மாற்றினார், மசியவில்லை. ஒரு பகல் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியதில், கார்புரேட்டருக்குப் பக்கத்திலிருந்த ரப்பர் குழாயில் ஒரு விரிசல் அகப்பட்டது. அதன் வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. குழாயை மாற்றினார். அதற்குப் பிறகு போனட் மேல் தண்ணீர் டம்ளரை வைத்தாலும் தளும்பாது.

"ஓட்டம் எப்படிங்கய்யா?" என்றார் டாக்டர், பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக.

அந்த வண்டியில் ஜன்னல் கண்ணாடிச் சுமை ஏற்றிப் பிழைக்கும் பெரியவர் கீழே இறங்காமலே சொன்னார். "நல்லா ஓடுது தம்பி. அதான் பிரச்சினை. பழையபடி ஆக்கிக் குடுங்க."

"என்னங்க, விளையாடறீங்களா?"

பெரியவர் விளையாடுகிற ஆள் இல்லை. ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே பேசினார்.

"இது என் பையன் வண்டி. அவன் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அவங்கம்மாவுக்கு அது நெனப்புல நிக்கல, மறதி வியாதி. சொன்னா அப்பத்தான் செத்த மாதிரி அழுவா. மறுநாள் மறந்துட்டு, அவன் எங்கன்னு கேப்பா. ஒருத்திக்கு எத்தனை தடவை தம்பி சாவு சொல்றது? விட்டுட்டேன். சாயங்காலம் வீட்டுப் பின்னால வண்டிய நிறுத்திக் கொஞ்ச நேரம் ஓட விடுவேன். இஞ்சினோட அந்த இருமல் அவ காதுல விழுந்தா போதும், வந்துட்டான்னு தட்டை எடுத்து வெப்பா. அந்த நிம்மதியில சாப்பிட்டுடுவா. அப்புறம் அவனையும் மறந்துடுவா."

"இப்போ?"

"இப்போ, யாரோ வந்திருக்காங்க, போய்ப் பாருங்கறா. அவன் வந்தாத்தான் சாப்பாடுன்னு உக்காந்திருக்கா. வெறும் பால்தான் உள்ள போச்சு. நேத்து அதையும் தள்ளிட்டா."

 டாக்டர் பழைய குழாயைத் தேடி ஷெட்டையே தலைகீழாக்கினார். அது பழைய சாமான்காரரின் சாக்கில் அன்றைக்கே போய்விட்டிருந்தது.

"போன்ல அந்தச் சத்தத்தைப் பிடிச்சு வெச்சிருக்கீங்களா?"

"இருமலை யாரு தம்பி பிடிச்சு வெப்பாங்க?"

சரி, கெடுப்பதற்கா வழியில்லை என்று டாக்டர் வேலையில் இறங்கினார். மூன்றாவது ஒயரைத் தளர்த்தினார். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இது விக்கல்" என்றார். நின்ற இடத்தில் ஓடும் வேகத்தை ஐட்லிங் திருகில் குறைத்தார். "இது நடுக்கம்." பழைய பிளக்கைத் திரும்பப் போட்டார். அதற்கும் இல்லை என்ற தலையசைப்புதான். டாக்டருக்கு அவமானமாக இருந்தது. அந்தச் சத்தத்தை ஒரு பகல் முழுக்கக் கேட்டவர் அவர். ஆனால் எப்படி ஒழிக்கலாம் என்றே கேட்டிருந்தார். ஒழிந்ததும் காதும் அதைத் துடைத்துப் போட்டுவிட்டது.

கடைசியில், தானே மாட்டின புதுக் குழாயில் பிளேடால் மெல்லக் கீறினார். வண்டி உதறியது, இழுத்தது, இருமியது. பெரியவரின் கண் திறக்கவில்லை, உதடு மட்டும் துடித்தது.

"இதான்."

சாயங்காலம் டாக்டரும் கூடவே போனார். கெட்டது நன்றாகக் கெட்டிருக்கிறதா என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை. பெரியவர் வண்டியை வீட்டுப் பின்னால் நிறுத்தி ஓட விட்டார். டாக்டர் இறங்கிச் சமையலறை வாசலோரம் நின்றார். உள்ளே அந்த அம்மா மேஜை முன்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

இருமல் கேட்டதும் தலை நிமிர்ந்தது. எழுந்தாள். அலமாரியிலிருந்து ஒரு தட்டு எடுத்து வைத்தாள், இன்னொரு தட்டும் வைத்தாள்.  சாப்பிடும்மா, சாப்பிட்டுடு என்று டாக்டர் மனதுக்குள் கெஞ்சினார்.

புது ரப்பர், பிளேடு கீறல், இஞ்சின் சூடு. இது அவருக்குத் தெரியாத விஷயமா? கீறல் உதறலில் விரிந்துகொண்டே போயிருக்கிறது. வண்டி ஒரு முறை நீளமாக இழுத்துவிட்டு நின்றது. பெரியவர் சாவியைத் திருப்பினார். இஞ்சின் பிடித்தது, உடனே அணைந்தது. மறுபடி திருப்பினார். மறுபடியும் அதே கதை. இனி குழாயை மாற்றினால் வழவழவென்று ஓடும், மாற்றாவிட்டால் ஓடவே ஓடாது. இன்னொரு குழாயைக் கீறினாலும் இப்படித்தான் கிழியும். நடுவில் இருந்த அந்தப் பழைய நோய்க்குத் திரும்பிப் போக வழியில்லை என்பது டாக்டருக்குப் புரிந்துவிட்டது.

அந்த அம்மா கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டாள். வாசலில் நின்ற ஆளின் கிரீஸ் கை அப்போதுதான் கண்ணில் பட்டது.

"நீ மெக்கானிக்கா தம்பி?"

"ஆமாம்மா."

"நல்ல நேரத்துல வந்தே. வர்ற வழியில என் புள்ள வண்டி நின்னுபோச்சு, காதுல விழுந்துச்சு. கொஞ்சம் போய்ப் பாரேன். ரொம்ப நாளா இருமிட்டே இருக்கு. நல்லபடியா சரி பண்ணிக் குடுத்துடு, என்ன?"

"சரிம்மா. நீங்க அதுக்குள்ள சாப்பிடுங்க."

"அவன் வரட்டும்," என்று இரண்டு தட்டுகளையும் மூடி வைத்தாள்.

டாக்டர் வெளியே வந்து போனட்டைத் திறந்தார். பெரியவர் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.