காமன் பொட்டலில் புதைத்த மருந்து

1

இந்தக் கதை ஓர் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் எனக்குக் கிடைத்தது என்று எழுதினால் அது பொய். அங்கே கிடைத்தது கோபம் மட்டும்தான். கதை கிடைத்தது ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்குப் போகும் பஸ்ஸில், டோரீன் டீச்சரிடம்.

கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். போன மாதம் மனைவிக்கு மருந்து எடுக்கப் போயிருந்தோம். (எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். மறுபடியும் அங்கேதான் போகவேண்டும்.) வரிசை நகரவில்லை. காற்று வாங்கலாம் என்று பின்பக்கம் போனால், சவுக்கு மரத்தடியில் ஊசி, உடைந்த குப்பி, பாதி மருந்தோடு போத்தல், இரத்தம் காய்ந்த பஞ்சு எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன. ஒரு நாய் அதில் எதையோ நக்கிக்கொண்டிருந்தது.

டோரீன் டீச்சரும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறோம். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் அகப்பட்டவரிடம் நோர்வூட் வரைக்கும் ஆஸ்பத்திரிக்காரர்களைத் திட்டிக்கொண்டே போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"திட்டுறது லேசு சார். மருந்தை எங்க போடுறதுன்னு தெரியாம எங்க வீட்டுக்காரர் ஒரு தோட்டத்தையே கொல்லப் பார்த்தாரு. நல்லவர்தான். நல்லவரா இருந்துதான் அதைச் செஞ்சாரு."

மஸ்கெலியா வருவதற்குள் முழுவதையும் சொல்லி முடித்துவிட்டார். இறங்கும்போது ஒரு நிபந்தனையும் போட்டார்: "எழுதுங்க. ஆனா அவரை முட்டாளா எழுதிராதீங்க. அப்ப அவரு முட்டாள் இல்ல, புதுசு."

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

"மூடுபனி மலையைப் போர்த்தியிருந்த அந்தக் காலை வேளையில்—"

வேண்டாம். மலையகக் கதை என்றால் பனியில்தான் தொடங்கவேண்டும் என்று யார் சட்டம் போட்டது? அன்றைக்கு நல்ல வெயிலாம், டீச்சர் சொன்னார்.

"தூரத்தில் சாவுத் தப்பின் ஓசை லயத்தை நோக்கி—"

இதுவும் வேண்டாம். தப்பு அடித்தது உண்மைதான், சாவுக்கு அல்ல. ஆனால் பத்திரிகை நடத்தும் என் நண்பர் ஒருவருக்கு இந்தத் தொடக்கம்தான் பிடித்தது. "தோட்டத்துக் கதையில் ஒரு சாவாவது இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நம்பமாட்டார்கள்" என்பது அவர் கொள்கை. கதையில் இருமலோடு ஒரு கைக்குழந்தை வருகிறது என்று சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே. அவர் பேச்சைக் கேட்டு ஒரு பிரதியில் அந்தக் குழந்தையைக் கொன்றும் பார்த்தேன். எழுதி முடித்ததும் கிழித்து அடுப்பில் போட்டேன்.

ஆகவே நேராகவே சொல்கிறேன்.

3

பதினைந்து வருஷத்துக்கு முன்னால், கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த மறு வருஷம். அரிசி கிடையாது, பாண் கிடையாது, மருந்தும் கிடையாது. டோரீன் டீச்சரின் கணவர் லியனார்ட் அப்போதுதான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் டிஸ்பென்சரிக்கு வந்து சேர்ந்திருந்தார். டாக்டர் அல்ல, மருந்து கலந்து கொடுப்பவர்தான். ஆனாலும் தோட்டத்துக்கு அவர்தான் 'டாக்டரய்யா'.

டிஸ்பென்சரியில் பூட்டிய அலமாரி ஒன்று இருந்தது. கம்பெனிக்காரர் போகும்போது பூட்டியது. சாவி யார் பொறுப்பு என்று மேலிடத்தில் பேசி முடிப்பதற்குள் உள்ளே இருந்த மருந்தெல்லாம் காலாவதியாகிவிட்டது. திறந்து பார்த்த மேலிடத்துப் பெரியவர், "எல்லாத்தையும் அழிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். எப்படி அழிப்பது என்று சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

லியனார்ட் யோசித்தார். எரித்தால் புகை ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குள் போகும். மழைத்தண்ணீர் ஓடும் கானில் ஊற்றினால், எல்லாக் கானும் கடைசியில் பீலிக்குத்தான் வந்து சேரும்; தோட்டமே பீலித் தண்ணீரைத்தான் குடிக்கிறது. தேயிலைக்குள் புதைத்தால் மண்ணை இளக்க முள்ளுக் குத்துகிறவர்கள் கிளறிவிடுவார்கள். லயத்துக்கு மேலே சமதரையாக ஒரு புல்வெளி கிடந்தது. தேயிலை இல்லை, போஞ்சிப் பந்தல் இல்லை, யாரும் மாடு கட்டுவதுகூட இல்லை. இவ்வளவு நல்ல தரையை ஏன் ஒருத்தரும் தொடவில்லை என்று அவர் சந்தேகப்படவேண்டும். அவரோ சந்தோஷப்பட்டார்.

எல்லாரும் மலையில் வேலையாக இருந்த ஒரு நாள், தேயிலைப் பெட்டி ஒன்றில் வைக்கோல் பரப்பி, ஒவ்வொரு போத்தலுக்கும் ஒரு குழி செய்து, அடுக்கி, ஈயத்தாளால் மூடி, தானே மண்வெட்டி பிடித்துப் புதைத்தார். மேலே சுண்ணாம்பும் தூவினார். இதைவிடக் கவனமாக யாரும் ஒரு தப்பைச் செய்திருக்கமாட்டார்கள்.

[இந்த இடத்தில் எனக்கு இந்த மனிதர்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு யோசிக்கிறவர், 'இது என்ன இடம்' என்று ஓர் ஆளைக் கேட்டிருக்கமாட்டாரா? வாசகர் நம்பமாட்டார் என்று டோரீன் டீச்சரிடம் சொன்னேன். "கேட்டா, 'எதுக்கு ஐயா'ன்னு திருப்பிக் கேப்பாங்களே சார். மருந்து இல்ல, மருந்து இல்லன்னு தெனமும் ஆளுகளைத் திருப்பி அனுப்புற மனுசன், மருந்தைப் புதைக்கப் போறேன்னு எந்த வாயால சொல்லுவாரு?" இதற்கு மேல் நான் சந்தேகப்படவில்லை.]

4

அது காமன் பொட்டல்.

மாசி மாதம் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றும் இடம். வருஷம் முழுக்க அது காமனுக்குச் சொந்தம், அதனால்தான் ஒருத்தரும் தொடுவதில்லை. லியனார்ட் வேதக்காரர்தான், ஆனாலும் றொசல்லப் பக்கத்து லயத்தில் பிறந்தவர், காமன் கூத்துப் பார்த்து வளர்ந்தவர். அவருடைய தோட்டத்தில் பொட்டல் மாரியம்மன் கோயிலை ஒட்டி இருந்தது. எல்லாத் தோட்டத்திலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்.

மாசி அமாவாசை கழிந்து காப்புக் கட்டினார்கள். கம்பத்துக்குக் குழி தோண்டியவர் வீரய்யா, கூத்து மாஸ்டர். மண்வெட்டி 'டங்'கென்று பெட்டியில் பட்டது. பலகையைப் பெயர்த்தால், ஈயத்தாள் பளபளக்க, வைக்கோலில் வரிசையாக மருந்துப் போத்தல்கள். பிள்ளைகளுக்கு ஒரு சொட்டு மருந்து கிடைக்காத வருஷத்தில், காமனின் மண்ணிலிருந்து பெட்டி நிறைய மருந்து வருகிறது. நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? நானாக இருந்தாலும் கும்பிட்டுத்தான் இருப்பேன்.

"காமன் குடுத்திருக்காரு!" என்றாராம் வீரய்யா. தப்பு முழங்கியது. ஆளுக்கொரு போத்தலாகக் கண்ணில் ஒற்றி எடுத்துக்கொண்டு போனார்கள்.

டிஸ்பென்சரியில் கூட்டித் துடைக்கும் ராசம்மா பிற்பகல் வேலைக்கு வரும்போதே வாயெல்லாம் பல்லாக வந்தாள்.

"ஐயா, இனிமே நம்மளுக்குக் கவலயே இல்லீங்க! காமன் பொட்டல்ல பெட்டி நெறய மருந்து வந்திருக்கு!"

"எந்தப் பொட்டல்?"

"அந்தா, லயத்துக்கு மேல. புல்லுத் தரை."

லியனார்ட் செருப்பையும் போடாமல் ஓடினார்.

5

பொட்டலில் வீரய்யா மட்டும் நின்றார். விரதம், மஞ்சள் வேட்டி, கையில் காப்பு. வாசகரே, லியனார்ட் இங்கே என்ன சொல்லலாம் என்று எனக்குப் பல யோசனைகள் வந்தன. 'மேலிடத்து உத்தரவு, எல்லாப் போத்தலையும் திருப்பித் தா' என்று அதிகாரம் பண்ணலாம். 'யாரோ திருடிப் புதைத்திருக்கிறார்கள்' என்று பொய் சொல்லலாம். அவர் சொன்னது இதுதான்:

"வீரய்யா, அது காமன் குடுத்தது இல்ல. நான் பொதைச்சது. கெட்டுப்போன மருந்து. யாராவது குடிச்சா செத்துப்போவாங்க."

வீரய்யா குழியைத் திரும்பிப் பார்த்தார். "சாமி நிக்கிற எடத்துலயா ஐயா?"

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சா செய்வேனா?"

"கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கணும். இப்ப என்னை ஏசாத. நாளைக்கு ஏசு. இப்ப போத்தல் திரும்பி வரணும்."

வீரய்யா தப்புக்காரரைக் கூப்பிட்டார். (அவர் காறித் துப்பிவிட்டுக் கூப்பிட்டார் என்று ஒரு பிரதியில் எழுதியிருந்தேன். டோரீன் டீச்சர் அந்த வரியை அடித்துவிட்டார். "விரதத்துல இருக்கிறவரு எங்க சார் துப்புவாரு?") லயம் லயமாகத் தப்பு அடித்துச் சொன்னார்கள்: பொட்டலில் எடுத்தது காமனுடைய பொருள், ஒரு சொட்டும் குறையாமல் காமனிடமே திரும்பி வரவேண்டும். டாக்டரய்யா புதைத்தார் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதிப்பேர், 'நல்ல மருந்தைப் பதுக்கி வச்சிருக்கான்' என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். வீரய்யாவுக்குத் தன் ஆட்களைத் தெரியும்.

போத்தல்கள் வந்தன. சிலது குங்குமப் பொட்டோடு சாமித் தட்டிலிருந்து வந்தன, சிலது மூடிகூடத் திறக்காமல் வந்தன. லியனார்ட் ஒவ்வொன்றாக அதனதன் வைக்கோல் குழியில் வைத்தார்.

ஒரு குழி மட்டும் நிரம்பவில்லை.

அந்தக் குழியில் இருந்தது வலிக்குத் தேய்க்கிற எண்ணெய். நல்ல வாசமாக இருக்கும், மிட்டாய் மாதிரி. ஒரு கரண்டி உள்ளே போனால் கைக்குழந்தை தாங்காது.

"பூரணி எடுத்துட்டுப் போனா" என்றாள் யாரோ ஒருத்தி. "புள்ள இருமுதுல்ல."

முந்தின நாள்தான் பூரணி அந்தக் குழந்தையோடு டிஸ்பென்சரிக்கு வந்திருந்தாள். மருந்து இல்லை என்று அனுப்பியவர் இவர்தான்.

6

"பூரணியின் காம்பராக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே இருட்டில்—"

இந்த வாக்கியத்தை இப்படியே விட்டுவைக்கிறேன், நண்பர் பார்த்துக்கொள்ளட்டும். இதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

உண்மையில் கதவு சாத்தியிருந்தது. பக்கத்துக் காம்பராக்காரி, "புள்ளயத் தூக்கிக்கிட்டு அப்பவே போயிட்டாளே" என்றாள்.

"எங்க?"

"எங்கன்னு கேட்டா? உங்ககிட்டதான்யா!"

லியனார்ட் இறக்கத்தில் எப்படி வந்தார் என்று அவருக்கே ஞாபகம் இல்லையாம். டிஸ்பென்சரி ஜன்னலில் பூரணி நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் போத்தல், மூடி திறந்திருந்தது.

"எங்கய்யா போயிட்டீங்க? எம்புட்டு நேரமா நிக்கிறேன்."

அவர் போத்தலைப் பறித்தார். "குடுத்தியா? புள்ளைக்குக் குடுத்தியா?"

"இல்லீங்க." அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "காமன் குடுத்த மருந்துதான்யா. ஆனா எத்தனை கரண்டின்னு நீங்கதானே சொல்லணும்?"

லியனார்ட் படியில் உட்கார்ந்தார். சிரித்தாரா அழுதாரா என்று டோரீன் டீச்சருக்குத் தெரியாது, ராசம்மாவுக்கும் நிச்சயமில்லை. நான் இரண்டையும் எழுதிப் பார்த்தேன், இரண்டும் பொருந்துகின்றன. இந்தப் பக்கத்தை எழுதி முடித்ததும் எனக்கே மூச்சு வந்தது. எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

அவர் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"சரிங்க. அப்ப நல்ல மருந்து எப்ப வரும்?"

அடுத்த பஸ்ஸில் ஹட்டனுக்குப் போய், தெரிந்த கன்னியாஸ்திரி ஒருவரிடம் கெஞ்சி, இருமல் மருந்து வாங்கிக்கொண்டுதான் திரும்பினார். வீரய்யா பழைய குழியை மூடி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, நான்கடி தள்ளிக் கம்பம் ஊன்றினார். சொன்னபடியே மறுநாள் வந்து நன்றாக ஏசினார். லியனார்ட் நின்று வாங்கிக்கொண்டார்.

அந்தக் குழந்தை இப்போது என் வகுப்பில் படிக்கிறாள். நான் இலக்கணம் நடத்தும்போது வாயைக்கூடப் பொத்தாமல் கொட்டாவி விடுகிறாள். நேற்று அவள் விட்ட கொட்டாவியைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று அவளுக்குத் தெரியாது.

7

முடிவு என்று ஒன்று எழுதவேண்டுமே. போத்தல்கள் எல்லாம் திரும்பிவிட்டன. பெட்டி நிறைந்துவிட்டது. சரி, அந்தப் பெட்டியை அவர் என்ன செய்தார்?

முடிவு அ: லயத்திலிருந்து தூரமாக வைத்து எரித்தார். (போத்தல் வெடிக்கும். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று மலையில் யார் சொல்வது?)

முடிவு ஆ: மஸ்கெலியா நீர்த்தேக்கத்தில் இறக்கிவிட்டார். (சீ.)

முடிவு இ: ஜீப்பில் வந்த பெரியவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார். (எனக்குப் பிடித்தது இதுதான். நடக்கவில்லை.)

பொறுக்கமுடியாமல் டோரீன் டீச்சரைக் கேட்டேன். சீமெந்து போட்டு மூடினார்கள், அவரும் வீரய்யாவும் சேர்ந்துதான் இடம் பார்த்தார்கள் என்று சொன்னார். எங்கே என்று சொல்லவில்லை.

"சொன்னா எழுதுவீங்க சார்."

"எழுதினால் என்ன?"

"எழுதினா யாராவது தோண்டுவாங்க."

நான் விடவில்லை. எழுதமாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். கடைசியில் சொல்லிவிட்டார். இப்போது அந்த இடம் தெரிந்தவர்களில் நானும் ஒருவன்.

ஆகவே வாசகரே, கதையின் முடிவை உங்களிடமே தருகிறேன். பெட்டி இதோ. நிறைய இருக்கிறது, கனமாகவும் இருக்கும். எங்கே வைப்பது என்று நீங்களே யோசியுங்கள். கீழே பீலி இருக்கிறதா, பிள்ளைகள் விளையாடுகிறார்களா, எந்தச் சாமியாவது நிற்கிறதா என்று முதலில் நாலு பேரிடம் கேளுங்கள். இடம் கிடைத்ததும் எனக்கு எழுதிவிடாதீர்கள்.