கதிரைக்குப் பக்கத்துச் சாடிகள்

மூன்று கிழமைக்குள் பதினொரு ஓர்கிட் செத்துப்போயின. முதலில் இலை மஞ்சளாகும். அடுத்து தண்டு பழுப்பாகி, விரலால் அமத்தினால் நசியும். ஒரு கிழமையில் சாடிக்குள் கறுத்த கூழ்தான் மிஞ்சும். என் கணவர் மிஹ்லார் விறாந்தையில் தன் கதிரையில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். பதினோராவது கண்டை நான் குப்பைக்கு எடுத்துப் போகும்போது, "அதுகளும் என்னோட வெளிக்கிடுதுகள் நதீரா" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மனிதருக்கு இரண்டு கிட்னியும் போய் ஒன்றரை வருடம். கிழமைக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் டயலிசிஸ், நான் பள்ளிக்கூடத்தில் என்பதால் அவருடைய தங்கைதான் கூட்டிப்போவாள். வங்கி வேலை போயிற்று, மோட்டார் சைக்கிள் போயிற்று, பள்ளிவாசலுக்கு நடந்து போவதும் போயிற்று. மிஞ்சியது இந்த நாற்பத்தொரு ஓர்கிட். அதுகளுக்காகத்தான் காலையில் எழும்புகிறார் என்று எனக்குத் தெரியும். அதுகள் முடிந்தால் இவரும் மனதை விட்டுவிடுவார் என்று பயந்தேன். விஞ்ஞானம் படிப்பிக்கிற நான் என் வீட்டு விறாந்தையில் ஒரு நோயைக் கண்டுபிடிக்காவிட்டால் பிறகென்ன டீச்சர்?

செத்தவை எல்லாம் விறாந்தையின் கிழக்கு மூலையில், அவருடைய கதிரையைச் சுற்றி இருந்தவை. சாய்ந்தமருதில் கிழக்கு என்றால் கடல். உப்புக்காற்றுதான் என்று முடிவுகட்டி, அந்தப் பக்கம் பொலித்தீன் கட்டினேன். இன்னொன்று செத்தது. குழாய்த் தண்ணீரை விட்டு, சேர்த்துவைத்திருந்த மழைத் தண்ணீர் ஊற்றினேன். பூஞ்சண மருந்து அடித்தேன். அடுத்த வீட்டு சுபைறா கண்ணூறு என்றாள், செத்தல் மிளகாய் சுற்றிப் போடச் சொன்னாள். பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற வாயால் சொல்ல வெட்கம்தான், ஒரு வெள்ளிக்கிழமை அதையும் செய்தேன்.

பதின்மூன்றாவது வாடியபோது வைத்தியத்தை நிறுத்திவிட்டு, கண்டைச் சாடியோடு கவிழ்த்துப் பார்த்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. நல்ல வேர் வெள்ளையாக, இறுக்கமாக இருக்கும். இது மண்ணிறமாகி, பிடித்தால் தோல் கழன்று நூல் மட்டும் கையில் வந்தது. தேங்காய் மட்டைத் துண்டைப் பிழிந்தேன். தண்ணீர் முழங்கை வரை ஓடியது. நான் தண்ணீர் ஊற்றுவது திங்களும் வியாழனும். அன்று புதன்.

"ஆரு இதுக்குத் தண்ணி ஊத்துற?"

"எனக்கென்ன தெரியும், மழ அடிச்சிருக்கும்" என்றார் மிஹ்லார், தெருவைப் பார்த்துக்கொண்டு. மழை பெய்து ஒரு மாதம்.

அவருடைய உம்மாவிடம் கேட்டேன். மாமி இரண்டு ஒழுங்கை தள்ளி, மகள் வீட்டில் இருக்கிறார். நான் பள்ளிக்கூடம் போனபிறகு வந்து மகனுக்குத் துணையாக இருப்பார். "அல்லா அறிய, ஒங்கட கண்டுல நான் கையே வெக்கல்ல மகள்" என்றார். மாமி பொய் சொல்கிற ஆள் இல்லை.

ஆரென்று தேடிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. மிச்சம் இருந்த இருபத்தெட்டையும் அன்றைக்கே வீட்டுக்குப் பின்னால், கிணற்றடிக் கூரைக்குக் கொண்டுபோனேன். அழுகிய வேரை வெட்டி, வெட்டின இடத்தில் கறுவாப்பட்டைத் தூள் தடவி, மட்டைக்குப் பதிலாகக் கரித்துண்டு போட்டு, ஆளுயரத்துக்கு மேலே கட்டித் தொங்கவிட்டேன். விறாந்தை வெறிச்சோடியது. மிஹ்லார் வெறுமையான மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டுகளைப் பிரிந்த கவலை என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் ஒரு கண்டில் அரிசி அளவுக்குப் பச்சை வேர்நுனி எட்டிப்பார்த்தது. நான் விறாந்தைக்கு ஓடினேன். "வேர் வந்திட்டு! நான் சொன்னன்தானே, தண்ணிதான் காரணம்!"

"நல்லம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு இரண்டு தடவை மூச்சு வாங்கினார். கீழே பார்த்தேன். கால் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல் செருப்பின் மேல் இருந்தது.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நிறை பார்த்த நர்ஸ் மிஸி என்னை ஏறிட்டுப் பார்த்தார். "அஞ்சு கிலோ கூடியிருக்கு. போன ரெண்டு முறையும் கூடித்தான் வந்தார், தங்கச்சிட்ட சொல்லி அனுப்பினன். என்ன டீச்சர் குடுத்தீங்க?"

அந்தத் தங்கையின் வாயை இவர் அடைத்துவைத்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். "தண்ணி, தேத்தண்ணி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் லீட்டர்தான் மிஸி. நானே அளந்து வெச்சிட்டுப் போறன்."

"அப்ப காத்தக் குடிச்சா கூடின? நெஞ்சுக்குள்ள தண்ணி நிக்கிது."

மெசின் நாலு மணித்தியாலம் ஓடியபிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. ஒக்சிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு சொன்னார்.

"உம்மாட ஓதின தண்ணி. நீ ஸ்கூலுக்குப் போனாப் போத்தலோட வருவா. யாசீன் ஓதி ஊதின தண்ணி, நாலு கிளாஸ்."

"ஏலாதெண்டு சொல்ல ஒங்களுக்கு வாயில்லையா?"

"சொன்னன். அல்லாட கலாம் ஓதின தண்ணி வருத்தத்துக்குக் கூடாதா மகனெண்டு அழுதா. அவ உள்ளுக்குத் தொழப் போற நேரம் பார்த்துச் சாடிக்க ஊத்தினன். அந்தத் தண்ணிய கால் படுற இடத்துல ஊத்தேலாதே. சாடிக்க ஆர்ர காலும் படாது."

"கண்டு சாகுமெண்டு தெரியாதா?"

"தெரியும்" என்றார். "நீ சாடி எல்லாத்தையும் எடுத்த புறகு ஊத்த இடமில்ல. குடிச்சன்."

தண்ணீர்தான் காரணம் என்று நான் சரியாகவே கண்டுபிடித்திருந்தேன். அது எங்கிருந்து வருகிறதென்று கேட்காமல் சாடிகளைத் தூக்கினேன். அவ்வளவையும் என் புருஷனுக்குள் திருப்பிவிட்டது நான்தான். அந்தக் கட்டிலின் கம்பியில் தலையை மோதிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"உம்மாட்டச் சொல்லாத" என்றார். "காக்கா மௌத்தாகக்குள்ள வாய்க்கு ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த அவக்குக் கிடைக்கல்ல." காக்கா என்றது மூத்தவர் இன்ஷாபை. சுனாமியில் போனவர், மையித்துக்கூடக் கிடைக்கவில்லை.

ஆனாலும் நான் மாமியிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்தால் மாமி மகனுடைய கதிரையில், போத்தலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மெதுவாகச் சொல்லக்கூட எனக்குத் தெரியவில்லை. "மாமி, நீங்க குடுத்த தண்ணிதான் அவர்ர நெஞ்சுக்க நிக்கிது. இன்னும் ஒரு நாள் குடிச்சிருந்தா ஆள் இல்ல."

மாமி அழவில்லை. என்னை ஏசவும் இல்லை. போத்தல் மூடியைத் திருகித் திருகி இறுக்கினார், ஏற்கெனவே இறுகியிருந்த மூடியை. பிறகு, "ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கக் கூடும் மகள்?" என்றார்.

தேத்தண்ணீர், ஆணம், குளிசைக்குத் தண்ணீர் என்று கணக்குச் சொன்னேன். மிச்சம் ஒன்றும் இல்லை. மாமி எழும்பிக் குசினிக்குள் போனார். மருந்து ஊற்றுகிற சின்னக் கரண்டியோடு வந்து என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். "இதுல ஒண்டு கூடுமா?"

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "கூடும் மாமி" என்றேன்.

மூன்றாம் நாள் மிஹ்லாரை வீட்டுக்கு விட்டார்கள். மதியம் லுஹர் தொழுதுவிட்டு மாமி அவருக்கு முன்னால் உட்கார்ந்தார். கரண்டியில் தண்ணீரை நிறைத்து, யாசீனை முழுவதும் ஓதினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. மிஹ்லார் வாயைத் திறந்தார். இப்படிக் கரண்டியால் தண்ணீர் ஊற்றுவதை நான் உயிர் போகப்போகிறவர்களின் பாயருகில்தான் பார்த்திருக்கிறேன். மாமியும் அங்கேதான் பார்த்திருப்பார். அவர் முந்தானையால் மகனுடைய உதட்டைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கும் ஒண்டு கூடுமா மகள்?"

"ஓம் மாமி, நாளைக்கும் கூடும்" என்றேன். அது போதாதுபோல் இருந்தது. நாளண்டைக்கும் கூடும், அதற்கடுத்த நாளும் கூடும் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன்.