மூன்று நாள் பாஸும் ஒரு மஞ்சள் லைட்டும்

என் கணவர் மெல்ரொனுக்கு என்னிடம் தோற்பது பிடிக்காது. அதிலும் கார் ஓட்டத்தில் தோற்றால் அன்றைக்கு அவர் நாக்குக்குக் குழம்பில் உப்புக் கூடிவிடும், சோறு குழைந்துவிடும், எல்லாம் பிழையாகிவிடும். கார் என்றால் தெருவில் ஓடும் கார் இல்லை, கம்ப்யூட்டரில் ஓடும் கார். அவர் வவுனியாவில் ஓர் உதவி நிறுவனத்தில் சாரதி. பகல் முழுக்க உண்மை வாகனம் ஓட்டிவிட்டு வந்து, அந்த அலுவலகம் கழித்துக் கொடுத்த பழைய கம்ப்யூட்டரில் பொய் வாகனம் ஓட்டுவார். சண்டையில் முல்லைத்தீவுக் கரையை விட்டு வந்தபிறகு நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சிரித்ததெல்லாம் அந்தப் பெட்டிக்கு முன்னால் இருந்துதான். அதனால் நானும் ஓட்டினேன். அவரைவிட நன்றாகவே ஓட்டினேன்.

தொண்ணூற்றெட்டு ஆடி மாதம் அந்தக் காருக்கு ஏதோ நடந்தது. முதல் நாள் பறந்தது மறுநாள் ஊர்ந்தது. மாட்டு வண்டிகூட அதை முந்தியிருக்கும். மெல்ரொன் அந்தக் கிழமைதான் புது விளையாட்டு ஒன்றைப் போட்டிருந்தார். அந்தப் பாரம் தாங்காமல் பழைய விளையாட்டும் சேர்ந்து படுத்துவிட்டது என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

"ப்ரொசெசருக்கு வயசு போட்டுது, கிருசா. மாத்தத்தான் வேணும்."

எதை மாற்றிப் போடுவது என்று கேட்கச் சின்னராசாவைக் கூட்டிவந்தார். சின்னராசா அவருடைய கூட்டாளி, பட்டணத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுப்பவர். ஞாயிறு பூசை முடிந்து வந்தால் எங்கள் வீட்டில் இரண்டாம் பூசை தொடங்கிவிடும்.

"இப்ப கிடக்கிறதின்ரை வேகம் அறுபத்தாறு, மச்சான். இதே குழியிலை நூறும் போகும், நூத்திமுப்பத்திமூண்டும் போகும். ஆனா அதுகளுக்கு வோல்ட் குறைவு. எல்லாம் பூட்டியிருக்கிற உன்ரை போர்ட் கூடக் குடுத்துதெண்டால் புதுச்சாமான் புகைஞ்சுபோம்."

"அப்ப பென்ரியம்?"

"அதுக்குப் போர்ட்டும் மாத்தவேணும், மெமறியும் மாத்தவேணும். கடைசியிலை உனக்குப் பெட்டிதான் மிஞ்சும்."

நூறா, நூற்றிமுப்பத்துமூன்றா என்று இரண்டு மாதம் போனது. செபமாலை சொல்லும்போது பக்கத்தில் இருந்த மெல்ரொன் "நூறு காணும்" என்று முணுமுணுத்தார். மாதாவுக்கு என்ன விளங்கியிருக்குமோ. எத்தனை வோல்ட் என்று பார்க்கப் போர்ட்டில் இருந்த இலக்கமும் அழிந்துபோயிருந்தது. ஆகவே கூட்டாளிகள் இருவரும் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். போர்ட்டைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு மெல்ரொன் கொழும்புக்குப் போவது. கடைக்காரனிடம் காட்டி, பொருந்துவதைத் தெரிந்து வாங்கி வருவது.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று நான் எரிந்து விழுந்தேன். உண்மையில் எனக்குச் செலவு ஒரு கவலையே இல்லை. எனக்குப் பயம். அடையாள அட்டையில் பிறந்த இடம் முல்லைத்தீவு, சந்தேகப்பட ஆமிக்காரனுக்கு அதுவே போதும். பையில் குண்டுச் சாமான்போல வயரும் கம்பியும் குத்திய ஒரு பச்சைப் பலகை. இது கார் ஓடுவதற்கு என்று சோதனைச்சாவடியில் சொன்னால் யார் நம்புவார்கள்? நல்ல சட்டையோடு கொழும்புக்குப் போய், வருடக்கணக்காகத் திரும்பாத ஆட்களை எனக்குத் தெரியும். ஆனால் பயம் என்று வாய்திறந்தால் "உமக்கு எல்லாத்துக்கும் பயம்" என்பார். அதனால் செலவைச் சொல்லியே சண்டை பிடித்தேன்.

வவுனியாவிலிருந்து வெளியே போவதற்குப் படையினர் தரும் பாஸ் வேண்டும். பாஸுக்குப் பிணை நிற்க ஒரு ஆள் வேண்டும், போனவர் வராவிட்டால் அந்த ஆளைத்தான் பிடிப்பார்கள். சின்னராசா கையெழுத்துப் போட்டார். காரணம் என்ற இடத்தில் 'கண் பரிசோதனை' என்று எழுதி, மூன்று நாள் பாஸ் கிடைத்தது. திங்கட்கிழமை அது அலுமாரியில் மாதா சுரூபத்தின் காலடியில் கிடந்தது. செவ்வாய் விடிய ரயில்.

திங்கள் பின்னேரம் சின்னராசா போர்ட்டைக் கழற்ற வந்தார். எந்த வயர் எங்கே போகிறது என்று அவர் சொல்லச் சொல்ல மெல்ரொன் கொப்பியில் எழுதினார். கம்ப்யூட்டர் மூடி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் குசினியிலிருந்து மூன்று பேருக்கும் தேத்தண்ணி கொண்டு வந்தேன்.

"இது பச்சை லைட்டுக்கு" என்றார் சின்னராசா. "இது மஞ்சள் லைட்டுக்கு. பக்கத்திலை இருக்கிறது வேகப் பொத்தான்ரை வயர். மஞ்சள் எரிஞ்சால் முழு வேகம், இல்லாட்டி அரைவாசியும் வராது. உன்ரை மஞ்சள் எரியேல்லையே?"

"அது கனநாளா எரியிறேல்லை. பல்ப் போட்டுது" என்றார் மெல்ரொன், தலை நிமிராமல் எழுதியபடி.

நான் தட்டத்தோடு குனிந்து அந்தப் பொத்தானைப் பார்த்தேன்.

பல்ப் போகவில்லை. பொத்தானை அமுக்கி அதை நூத்தது நான்.

பக்கத்து வீட்டு முத்துலிங்கம் அண்ணை, கறண்ட் நிற்கும் நேரங்களில் தன் ஜெனரேற்றரிலிருந்து எங்களுக்கும் ஒரு வயர் தந்திருந்தார். ஆடியில் ஒருநாள் ஜெனரேற்றர் முக்கி முனகியது. "அங்கை என்ன கூட எரியுது?" என்று வேலிக்கு மேலால் கத்தினார். நான் ஓடிப்போய்க் குசினி லைட்டை நூத்தேன். முனகல் நிற்கவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தால் அதில் பச்சை ஒன்று, மஞ்சள் ஒன்று, இரண்டு லைட். ஒரு பெட்டிக்கு எதற்கு இரண்டு? மஞ்சளுக்குப் பக்கத்துப் பொத்தானை அமுக்கினேன். பொத்தானின் பெயர் எழுதியிருந்த இடத்தை அலுவலகத்தார் ஒட்டிய இலக்கத் துண்டு மூடியிருந்தது. லைட் நூந்தது. ஜெனரேற்றரும் அடங்கியது. நல்ல காரியம் செய்தேன் என்று அன்றைக்கே மறந்தும் போனேன்.

சொன்னால் இரண்டு மாத வாக்குவாதமும் பாஸும் பிணையும் என் தலையில் விடியும். ஊர் முழுக்கச் சிரிக்கும். சொல்லாவிட்டால் விடிய அவர் அந்தப் பலகையோடு போவார்.

தட்டத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் பொத்தானை அமுக்கினேன். மஞ்சள் லைட் பளிச்சென்று எரிந்தது.

"நான்தான் நூத்தனான்" என்றேன். "முத்துலிங்கம் அண்ணை கத்தினவர். கறண்ட் மிச்சம் பிடிப்பமெண்டு..."

மெல்ரொன் கொப்பியை வைத்துவிட்டுக் காரை ஓட்டினார். ஊர்ந்து ஊர்ந்து பழகிய கை. கார் பறந்துபோய் முதல் வளைவிலேயே சுவரில் மோதியது. மறுபடி ஓட்டினார், மறுபடியும் மோதினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு மாசம், கிருசா! நீர் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

"ஓம். ஏசுங்கோ, எவ்வளவும் ஏசுங்கோ. நாளைக்குப் போகமாட்டியள்தானே?"

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஏங்கி ஏங்கி அழுதேன். சின்னராசாவுக்கு முன்னால் என்ற வெட்கமும் இல்லை. மெல்ரொன் ஏசவில்லை. அலுமாரிக்குப் போய்ப் பாஸை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார்.

"எனக்கும் மூண்டு நாளா நித்திரையில்லை" என்றார். "எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், இவனையும் பிணைக்கு இழுத்துப்போட்டன். எப்பிடிப் பின்வாங்கிறது எண்டு தெரியாமல் கிடந்தனான்."

சின்னராசா கதிரையில் பொத்தென்று இருந்தார். கையெழுத்துப் போட்ட மனுசன் அல்லவா. "நல்ல கண் பரிசோதனை, மச்சான். கொழும்புக்குப் போகாமலே லைட் தெரிஞ்சிட்டுது" என்று சொல்லி, எங்கள் இருவருடைய தேத்தண்ணியையும் சேர்த்துக் குடித்துவிட்டார்.

செவ்வாய் விடிய ரயில் கூவியபோது மெல்ரொன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் குறட்டை விட்டார். அதைக் கேட்டுக்கொண்டு நான் கனநேரம் எழும்பவேயில்லை. அவர் கொழும்பில் நின்றிருக்க வேண்டிய அந்தப் பின்னேரம் கறண்ட் நின்றது, ஜெனரேற்றர் முனகியது. அவர் காரை மூன்றாவது சுற்றில் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"அங்கை என்ன கூட எரியுது?" வேலிக்கு மேலால் முத்துலிங்கம் அண்ணை கத்தினார்.

நான் எழும்பிப்போய் வீட்டில் இருந்த மற்ற லைட் எல்லாவற்றையும் நூத்துவிட்டு வந்து மெல்ரொனுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"ஒரு சின்ன மஞ்சள் லைட் அண்ணை. அது எரியட்டும்!"