சூடு ஆறாத கப்சாய்

செமிலிங்கில் இடியாப்பம் விற்கும் பிரேமாவதியின் மோட்டார் சைக்கிளுக்கு ஏழு வருடமாகச் சூடு ஆறவில்லை. இந்த மலாய் நாட்டில் எல்லாரும் கப்சாய் என்று சொல்லும் பழைய எழுபது சிசி வண்டி அது. ஓட்டினாலும் சரி, மூன்று நாள் மழையில் ஓட்டாமல் போட்டு வைத்தாலும் சரி, அப்போதுதான் மெர்போக்வரை போய்வந்த மாதிரி எஞ்சின் சுட்டுக்கொண்டே இருக்கும். அந்த வருடங்களில் சீனி விலை ஏறியது, தேங்காய் விலை அதற்கும் மேலே ஏறியது, கோழி முட்டை சில மாதம் கடையிலேயே கிடைக்கவில்லை. எஞ்சினின் சூடு மட்டும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

வண்டி அவள் கணவர் தேவனுடையது. பின்னால் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹார்னை அமுக்கிக்கொண்டு, செமிலிங்கிலிருந்து பீடோங் பக்கத்துத் தோட்டங்கள்வரை அவர் இடியாப்பம் விற்றார். அவருடைய அக்கா யோகேஸ்வரி மாவு பிழிவாள், பிரேமாவதி அவிப்பாள், தேவன் விற்பார். ஒரு வெள்ளிக்கிழமை வியாபாரம் முடிந்து வந்தவர் வண்டியை முன்வாசல் கொட்டகையில் நிறுத்திவிட்டு, படியில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். யோகேஸ்வரி தண்ணீரோடு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்தவர்களில் ஒருவர் தெரியாமல் எஞ்சினில் காலை வைத்துச் சுட்டுக்கொண்டார். அப்போதுதான் விஷயம் வெளியே தெரிந்தது.

கோயில் பூசாரி வந்து பார்த்து விபூதி போட்டார். சூராவ் என்கிற சின்னப் பள்ளிவாசலின் இமாம் வந்து பார்த்து, நல்ல மனிதர், நல்ல வண்டி என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போனார். அதற்குமேல் அதைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஊருக்கு நேரமில்லை. மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் குழந்தைத் துணியைக் கொண்டுவந்து அதன்மேல் காயப்போட்டார்கள். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா தாப்பாய்ச் சோறு புளிக்க வைக்கும் பானையை அதன் பக்கத்தில் வைத்தார். பெண்டாங்கிலிருந்து, வயல் வேலையில் முட்டி பிடித்துக்கொண்ட ஒரு வயசான மலாய்ப் பாக்சிக் மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்து, முட்டியை எஞ்சினுக்கு நேராகக் காட்டிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். பிரேமாவதி வீட்டுப் பூனையோ எஞ்சினுக்குக் கீழேயே குடித்தனம் வைத்துவிட்டது.

பிரேமாவதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதுவரை சைக்கிள்கூட ஓட்டாதவள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், கோயில் திடலில் விழுந்து எழுந்து கப்சாய் ஓட்டப் பழகினாள். லைசென்ஸ் எடுத்தாள். தேவன் போன அதே பாதையில், அதே ஹார்னை அமுக்கிக்கொண்டு, அவர் கொடுத்த அதே அளவு தேங்காய்ப்பூவைத் தூவிக் கொடுத்தாள். ஹார்ன் சத்தம் கேட்டுப் பசியாற வெளியே வந்த தோட்டத்து ஜனங்கள் முதல் நாள் அழுதார்கள், இரண்டாம் நாள் கடன் கேட்டார்கள். அவள் இரண்டுக்கும் அசரவில்லை. அப்படியொரு நெஞ்சழுத்தம் நமக்கெல்லாம் வராது.

ஏழாவது வருடம் வண்டியில் ஒரு மாற்றம். சத்தம் குறைந்தது. தேவன் காலத்திலிருந்து அந்த எஞ்சின் தையல் மெஷின் மாதிரி டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே ஓடும். இப்போது பட்டுத்துணியில் ஓடுவதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. வயசாக ஆகப் பக்குவம் வருகிறது என்று ஊரே வண்டியைப் பாராட்டியது. தாரிக் மட்டும் பாராட்டவில்லை. தாரிக் செமிலிங் தெருவில் பட்டறை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம். தன் கைபட்ட வண்டி மெக்காவரை போகும் என்று தானே சொல்லிக்கொள்கிறவர். அடக்கத்துக்கும் அவருக்கும் வெகுதூரம், ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. இடியாப்பம் வாங்க வந்தவர் வண்டியின் பக்கத்தில் காதை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அக்கா, சத்தமே இல்லையே லா. அதான் பயமா இருக்கு."

எஞ்சின் மண்டைக்குள் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. அவற்றைத் தட்டித் திறக்கும் கைக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு சந்து இருக்க வேண்டும். இரும்பு சூட்டில் வளரும், வளர இடம் வேண்டும் அல்லவா? அந்தச் சந்தில்தான் டிக் டிக் சத்தம் பிறக்கிறது. நாள்பட ஓடியதில் புகை போகும் பக்கத்து வால்வு மேலேறிச் சந்தை விழுங்கிவிட்டது. இனி வால்வு முழுக்க மூடாது, நெருப்பு அதன் இடுக்கில் புகுந்து விளிம்பைத் தின்னும். தீபாவளிவரை தாங்காது என்றார் தாரிக். சரி, சந்தைத் திருத்தி வைத்தால் போயிற்று, தேநீர் குடிக்கிற நேரத்து வேலை. ஆனால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் அதைச் செய்ய முடியும். சூட்டில் அளந்தால் அளவு பொய் சொல்லும்.

ஆறாத எஞ்சினை ஆறவைக்க தாரிக் படாத பாடு பட்டார். தண்ணீர் ஊற்றினால் மண்டை வெடித்துவிடும் என்பதால் ஜெராய் மலை அருவிக்குப் பக்கத்தில் குளிர்காற்றில் நிறுத்திப் பார்த்தார்கள். அங்கே குளிக்க வந்தவர்கள் வண்டியைச் சுற்றி உட்கார்ந்து தலை உலர்த்தினார்கள். மெர்போக் மீன் வியாபாரியின் ஐஸ் அறையில் ஒரு ராத்திரி வைத்தார்கள். காலையில் கெம்போங் மீன் பாதி வெந்திருந்தது, வியாபாரி திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. சூட்டோடு சூடாக உத்தேசமாக வைத்துப் பார்த்ததில் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோக, பழையபடியே திருப்பி வைத்தார் தாரிக். விரல் நுனியெல்லாம் கொப்புளம். வேறு வண்டி வாங்கலாமே என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள், வாங்கித் தருகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. வாங்கித் தந்திருந்தாலும் பிரேமாவதி ஏறியிருக்க மாட்டாள்.

ஆயுத பூஜை வந்தது. யோகேஸ்வரி கப்சாயைத் துடைத்து, ஹெட்லைட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, இடியாப்ப உரலையும் பக்கத்தில் வைத்துச் சூடம் காட்டினாள். கும்பிட்ட வண்டியை மறுநாள் காலைவரை யாரும் தொடக் கூடாது, கும்பிட்ட ஆயுதத்தை எடுக்கக் கூடாது. தாரிக் சுண்டல் சாப்பிட வந்திருந்தார். சமையல்கட்டைப் பார்த்தவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். பூனை அரிசி மூட்டைமேல் படுத்திருந்தது.

"பூனை ஏன்க்கா உள்ள இருக்கு?"

"வருஷா வருஷம் இன்னைக்கு மட்டும் உள்ளதான் படுக்கும். சாம்பிராணி ஆகாது போல," என்றாள் யோகேஸ்வரி.

தாரிக் தட்டைக் கீழே வைத்தார். பிரேமாவதிக்கும் புரிந்துவிட்டது. அவள் எழுந்துபோய், பூஜை வண்டி என்றும் பார்க்காமல், எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தாள். குழாயடிக் கல் மாதிரி ஜில்லென்று இருந்தது. ஏழு வருடமாக அந்த எஞ்சின் ஆயுத பூஜைக்கு மட்டும் சூடம் அணைந்ததும் லீவு எடுத்து, விடிந்ததும் வேலைக்குத் திரும்பியிருக்கிறது. கும்பிட்ட வண்டியை யாரும் தொடாததால் யாருக்கும் தெரியவில்லை.

யோகேஸ்வரியும் தொட்டாள். தொட்டவள் அங்கேயே உட்கார்ந்து, தம்பி இன்றைக்குத்தான் செத்த மாதிரி அழுதாள். தாரிக் ஓடிப்போய்ப் பட்டறையிலிருந்து தன் ஸ்பேனர் பெட்டியைக் கொண்டுவந்தார். அந்தத் தெருவில் சந்தனம் படாத ஸ்பேனர் அன்று அவரிடம் மட்டும்தான் இருந்தது. சீனர் கடையிலும் இருந்தது, ஆனால் அவர் கடையைச் சாத்திவிட்டார். யோகேஸ்வரி வண்டிக்குக் குறுக்கே நின்றாள். தெய்வக் குற்றம் என்றாள் முதலில். அப்புறம் உண்மையைச் சொன்னாள்.

"தொறந்துட்டா அவன் திரும்ப வரமாட்டான் பிரேமா. ஒரு கம்பளிய போத்தி வைப்போம். காலையில சுடும்."

தாரிக்கும் பொய் சொல்லவில்லை. வண்டி ஓடும் என்பதற்குத் தான் பொறுப்பு, சூடு திரும்பும் என்பதற்குப் பொறுப்பில்லை என்றார். ராத்திரி தூக்கம் வராதபோதெல்லாம் கொட்டகைக்கு வந்து அந்த எஞ்சின் பக்கத்தில் பிரேமாவதி உட்கார்ந்திருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாததல்ல. அவள் இழப்பதற்கு இருந்தது அந்தச் சூடு ஒன்றுதான்.

"அண்ணி, குளிர் காயவா அவரு இந்த வண்டிய வாங்குனாரு? ஓட்டத்தான வாங்குனாரு. ஓடட்டும்."

யோகேஸ்வரி விலகிக்கொண்டாள். தாரிக் பிஸ்மில்லாஹ் சொல்லி, குங்குமம் கலையாமல் மூடிகளைக் கழற்றினார். எஞ்சினுக்குள் சுழலும் சக்கரத்தை மெல்லத் திருப்பி அதில் வெட்டியிருக்கும் குறியைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்தார். அந்தக் குறி இரண்டு சுற்றில் இரண்டு முறை வரும். ஒன்றில் வால்வுகள் வேலையில் இருக்கும், மற்றதில்தான் எஞ்சின் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அவசரக்காரர்கள் கோட்டைவிடுவது அங்கேதான். தாரிக் கோட்டைவிடவில்லை. அளவுத் தகடு உள்ளேயே நுழையவில்லை, சந்து அடியோடு இல்லை. திருகைத் தளர்த்தித் தகட்டைச் செருகியவர், இழுத்துப் பார்க்கும்படி பிரேமாவதியைக் கூப்பிட்டார். கொப்புளம் விழுந்த விரலுக்கு உணர்ச்சி இல்லை என்று அவர் ஒத்துக்கொண்டது அந்த ஒருமுறைதான். சுடச்சுட இடியாப்பத்துக்கு அடியிலிருந்து வாழையிலையை உருவுவதுபோல இருக்க வேண்டும் என்றார், ஒட்டவும் கூடாது, தானாக வரவும் கூடாது. அது அவளுக்குத் தெரியாத கணக்கா? இன்னும் கொஞ்சம் என்றாள், இன்னும் கொஞ்சம் என்றாள், போதும் என்றாள். நட்டை இறுக்கியபோது சந்து மறுபடி நெருங்க, இரண்டாம் முறையும் சலிக்காமல் இழுத்துப் பார்த்தாள்.

மறுநாள் விடிகாலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு, எஞ்சினைத் தொட்டுப் பார்க்காமலே உதைத்தாள். ஒரே உதையில் டிக் டிக்கென்று பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்குத் தோட்டத்தில் இரண்டு வயசாளிகள் தேவன் பெயரைச் சொல்லிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். இடியாப்பம் சீக்கிரமே தீர்ந்தது. பத்து மணிக்கு வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தவள் மத்தியானச் சமையலைப் பார்த்தாள். ஓடிய எஞ்சின் எதுவும் ஆற நேரம் எடுக்கும். நாத்தனாரும் அவளும் கொட்டகைப் பக்கம் போகவில்லை. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. இருட்டுகிற நேரத்தில் பூனை அரிசி மூட்டையிலிருந்து இறங்கி, சோம்பல் முறித்து, இரண்டு பேரையும் தாண்டி நடந்துபோய் எஞ்சினுக்குக் கீழே சுருண்டு படுத்தது. பிரேமாவதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். யோகேஸ்வரி எழுந்துபோய் ஈரத் துண்டை எஞ்சின்மேல் விரித்துவிட்டு வந்தாள்.

இப்போதெல்லாம் ஆயுத பூஜைக்குச் சூடம் அணைவதற்குள் தாரிக் பெட்டியோடு வந்துவிடுகிறார். சுண்டல் அப்புறம்தான். யாராவது விவரம் தெரியாமல் அன்றைக்கு ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு வந்தால், யோகேஸ்வரி வாசலிலேயே நிறுத்தி, "இன்னைக்கு அவனுக்கு லீவு லா, நாளைக்குக் கொண்டா" என்று திருப்பி அனுப்பிவிடுகிறாள்.