கதவைப் பார்த்த இருக்கை

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சபத்தினோவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நியூ ஜெர்சியின் அந்த உணவுக்கடைக்குள் நுழைந்ததும் கதவைப் பார்த்த இருக்கையைப் பாய்ந்து பிடித்துக்கொண்டார். மகன் நுன்சியோ சிறைக்குப் போனதிலிருந்து எந்தக் கடையிலும் அவர் உட்காருவது அப்படித்தான். எதிரே மகள் கார்லா. பக்கத்தில் அவளுக்கு மாமனாராக வரப்போகிற ஹேலரன். இந்தக் கடைதான் வேண்டும் என்று அடம்பிடித்தவரும் அவரே. சிறையிலிருந்து வெளியே வந்தும் வீட்டு வாசலை மிதிக்காத நுன்சியோ, இன்று இங்கே வருவதாகச் சொல்லியிருந்தான். ஹேலரனிடம் சபத்தினோ அதைச் சொல்லவில்லை. தங்கை கல்யாணத்தில் அவன் நிற்பானா மாட்டானா என்பது இன்று தெரிந்துவிடும்.

"என்ன சம்பந்தி, வெச்ச கண்ணு வாங்காம கதவையே பாக்குறீங்க? குப்பை லாரி தொழில்ல இவ்ளோ எதிரிங்களா?" என்று ஹேலரன் கண்ணடித்தார்.

"முதல்ல சாப்பிடுங்க, ஆறிடப்போவுது."

இந்தக் கிண்டல் சபத்தினோவுக்குப் புளித்துப்போயிருந்தது. குப்பை லாரித் தொழில் நடத்தும் இத்தாலியக் கொள்ளைக்கூட்டக் குடும்பம் ஒன்றைப் பற்றிய அந்தத் தொடர் தொலைக்காட்சியில் முடிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இத்தாலியப் பெயரும் குப்பை லாரியும் உள்ளவனை ஊர் இன்னும் விட்டபாடில்லை. அதில் ஒரு காட்சியை இந்தக் கடையில்தான் எடுத்தார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து அதை நடித்துப் பார்ப்பார்கள். ஒருவன் கதவைப் பார்த்து உட்காருவான், இன்னொருவன் கறுப்புத் தோல் சட்டையோடு உள்ளே வருவான், உட்கார்ந்திருப்பவன் அவனைப் பார்த்து விரலை நீட்டி 'டுமீல்' என்றதும் கடையே கைதட்டும். பாழாய்ப்போன விளையாட்டு! நுன்சியோ மட்டும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தொடரைப் பார்த்துப் பார்த்து அதேபோல் நடந்தான், பேசினான், கடைசியில் நிஜ ரவுடிகளோடு சேர்ந்து ஒருவன் தாடையை உடைத்துவிட்டு உள்ளே போனான்.

கதவு திறந்தது. யாரோ ஒரு தம்பதி. சபத்தினோ தண்ணீரைக் குடித்தார், கைக்குட்டையை மடித்தார், பிரித்தார்.

மறுபடி திறந்தபோது நுன்சியோ நின்றிருந்தான். இளைத்துப்போயிருந்தான். மேலே அவனுடைய பழைய கறுப்புத் தோல் சட்டை. சபத்தினோ எழுந்தார். சம்பந்தி எழுந்ததை ஹேலரன் பார்த்தார், வாசலில் நின்ற தோல் சட்டைக்காரனைப் பார்த்தார், சம்பந்தி தன்னைச் சிரிக்கவைக்க ஆள் ஏற்பாடு செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். விரலை நீட்டி, "டுமீல்!" என்று கத்தினார்.

கடை முழுக்கக் கைதட்டியது. நுன்சியோவின் முகம் கறுத்தது. திரும்பி வெளியேறினான்.

கழுத்தில் செருகியிருந்த சாப்பாட்டுத் துணியோடு சபத்தினோ ஓடினார். கார் நிறுத்துமிடத்தில்தான் பிடிக்க முடிந்தது.

"எல்லாரும் சேந்து கேலி பண்ணத்தான் கூப்பிட்டியாப்பா?"

"நீ யாருன்னே அந்தாளுக்குத் தெரியாதுடா. அந்த எழவெடுத்த விளையாட்டுன்னு நெனச்சுட்டாரு. உள்ள வா."

"வேணாம்பா. கதவுக்கு முதுகு காட்டி என்னால உக்கார முடியாது. ஜெயில்ல வந்த பயம். அதுக்கும் சிரிப்பாங்க."

சபத்தினோ மகனின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"என் எடத்துல நீ உக்காருடா. நீதான் வந்துட்டியே, இனிமே நான் எதுக்குக் கதவப் பாக்கணும்?"

நுன்சியோ கார் சாவியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கடைப் பக்கம் திரும்பினான்.