மேனேஜரைக் குளிப்பாட்டுவது

'தங்கம்' என்று அவள் கொஞ்சினால் போதும், மேனேஜர் கட்டிலுக்கு அடியில் போய்விடும். மேனேஜர் என்பது நாய். நாள் முழுக்கச் சோபாவில் கிடந்து, வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று மேற்பார்வை பார்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாததால் அவள் கணவர் வைத்த பெயர். அவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பிஸ்கட் கிடைக்கும். அவள் 'தங்கம்' என்றால் குளியல். நல்ல பேரெல்லாம் அவருக்கு, நனைகிற வேலையெல்லாம் அவளுக்கு என்று அந்த வீட்டில் எப்படியோ பிரிந்துபோயிருந்தது.

மாதம் ஒரு முறை என்று இருந்தவரை சமாளித்தாள். இப்போது நாயின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு முடி கொட்டிப் புண்ணாகிவிட்டது. டாக்டர் மருந்து ஷாம்பு எழுதிக் கொடுத்தார். வாரம் இரண்டு முறை. நுரை பத்து நிமிஷம் உடம்பிலேயே ஊறிய பிறகுதான் அலச வேண்டுமாம். பத்து நிமிஷமா! பத்து நொடி நின்றாலே பெரிய விஷயம்.

அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள். காலை ஆறரைக்கு முதல் ஆள் நாற்காலியில் உட்கார்ந்தால் மதியம் வரை நிமிர முடியாது. ஒரு நாளைக்கு எண்பது கை. எண்பது பேரும் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்தால் நாயும் அதையேதான் செய்கிறது. யாருக்குத்தான் நம்மைக் கண்டால் ஆகிறது என்று சில நாள் பஸ்ஸிலேயே அவளுக்குக் கண் கலங்கிவிடும்.

அந்தத் திங்கட்கிழமைக் குளியலும் வழக்கம்போல்தான் நடந்தது. "தங்கம், வாடா செல்லம்" என்று கட்டிலுக்கு அடியில் பிஸ்கட்டை நீட்டிக் காட்டி, வெளியே வந்ததும் லபக்கென்று பிடித்துக் குளியலறைக்குள் இழுத்தாள். ஈரத் தரையில் நாலு காலும் நாலு பக்கம் வழுக்கின. தலையில் ஊற்றிய முதல் சொம்பே காதுக்குள் போனது. நுரையோடு கதவை முட்டித் தள்ளி வெளியே பாய்ந்த மேனேஜர், கணவர் இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த சட்டைகளின்மேல் ஏறி நின்று உடம்பை உதறியது.

"போதும்மா," என்றார் அவர். கோபம்கூட இல்லை, அலுப்புதான். "அண்ணன் குடோனுக்கு அனுப்பிடலாம். அங்க நிறைய இடம் இருக்கு. ஞாயித்துக்கிழமை வண்டி அனுப்பறேன்னு சொல்லியிருக்கார்."

"புண்ணுக்கு யாரு மருந்து போடுவா?"

"அங்க ஆள் இருக்கு."

அங்கே ஆள் இல்லை என்பது இருவருக்குமே தெரியும். முட்டி வலியோடு தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அவளுக்கு ஒரு கணம், போனால் போகட்டும், விட்டது சனியன் என்றுகூடத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புதன்கிழமை லேபுக்கு ஒரு அம்மா ஐந்து வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஒண்ணும் பண்ண மாட்டாங்கடா கண்ணு, ஆன்ட்டி சும்மா கையைப் பாப்பாங்க." குழந்தை வீறிட்டது.

"பொய் சொல்லாதீங்கம்மா," என்றாள் இவள். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்கிற வார்த்தைதான். பிறகு குழந்தையிடம் குனிந்தாள். "குத்துவேன். கொஞ்சம் வலிக்கும். ஆனா சொல்லிட்டுத்தான் குத்துவேன்."

முதலில் கட்டுகிற ரப்பர் பட்டையைக் கையில் கொடுத்தாள். அது இழுத்துப் பார்த்தது. பிறகு பஞ்சு. கடைசியில்தான் ஊசியைக் காட்டினாள். குழந்தை உதட்டைக் கடித்துக்கொண்டு தானே கையை நீட்டியது.

அடுத்த ஆளைக் கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வீட்டில் பிஸ்கட்டைக் காட்டி, செல்லம் என்று ஏமாற்றுகிறவள் யார்? ஊருக்குத்தான் உபதேசம்!

அன்று மாலை அவள் நாயைக் கூப்பிடவே இல்லை. வாசலில் கிடந்த ரப்பர் மிதியடியைக் கழுவிக் குளியலறைத் தரையில் விரித்தாள். பிஸ்கட்டை உடைத்து அதன்மேல் போட்டாள். ஷாம்பு பாட்டிலையும் கண்ணில் படும்படி வைத்தாள். கதவைத் திறந்துவிட்டு, பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மேனேஜர் நிலைப்படி வரை வந்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அவள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். விழித்தபோது பிஸ்கட்டைக் காணோம்.

வியாழனும் அப்படியே. வெள்ளியன்று மேனேஜர் மிதியடிமேல் படுத்தேவிட்டது. "குளிக்காத நாய்க்குக் குளியலறையில என்ன வேலை?" என்று கணவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

சனிக்கிழமை கணவர் நாயைத் தெருவுக்குக் கூட்டிப் போயிருந்தபோது, குழாய்ச் சத்தம் கேட்டு அது மிரளக் கூடாதென்று முன்னதாகவே பக்கெட்டில் வெதுவெதுப்பான தண்ணீரைப் பிடித்துவைத்தாள். அது திரும்பி வந்ததும், எதையும் மறைக்காமல், சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"குளிக்கணும் மேனேஜர். உனக்குப் பிடிக்காது, தெரியும். எனக்கும்தான் முடியலை. ஆனா சொல்லிட்டுத்தான் ஊத்துவேன்."

அது சொம்பைப் பார்த்தது. கட்டிலைத் திரும்பிப் பார்த்தது. பிறகு வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து மிதியடிமேல் நின்றது.

"கால்," என்று சொல்லிப் பின்னங்காலில் ஊற்றினாள். "முதுகு," என்றாள். தலையில் ஊற்றவில்லை, ஈரத் துணியால் துடைத்ததோடு சரி. நுரையைத் தடவிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாய் நடுங்கியது, ஆனால் கால் வழுக்கவில்லை, ஓடவுமில்லை. ஏழாவது நிமிஷத்தில் மோவாயைத் தூக்கி அவள் தோளில் வைத்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கையில் இருப்பது என்னவென்று தெரிந்தும் அவளிடம் தானாக வந்தவர்கள் அந்த வாரத்தில் இரண்டு பேர்.

"அண்ணன் லைன்ல இருக்கார்," என்று போனோடு வந்தார் கணவர். "நாளைக்கு எத்தனை மணிக்கு வண்டி..."

"மேனேஜர் மீட்டிங்ல இருக்கார்னு சொல்லுங்க. இன்னும் மூணு நிமிஷம் ஆகும்."

அவள் தோளில் மோவாயை வைத்து நின்ற நாயை அவர் அப்போதுதான் பார்த்தார். பிறகு, "வண்டி வேணாம்ணே," என்று போனில் சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துவந்து நீட்டினார்.

அவள் வாங்கவில்லை.

"நீங்களே வச்சுக்குங்க," என்றாள். "செவ்வாய்க்கிழமை நீங்க ஊத்துங்க. பிஸ்கட் நான் குடுக்கறேன்."