மணல்ல இருந்த கோடு

என் கழுத்துல ஓடுற ரத்தத்துக்காக ரெண்டு டிரசர்மாரு மாசக்கணக்குல சண்ட போட்டாங்க. கழுத்து யாருதுன்னு ஒருத்தராச்சும் யோசிக்கணுமே!

ஜப்பான்காரன் காலம் அது. போர்டிக்சன் போற ரோட்டுல எங்க ரப்பர் எஸ்டேட். நானும் எங்க வூட்டுக்காரரு வீரமுத்துவும் பால் வெட்டுறவங்க. ஒருநாள் காலையில எந்திரிக்கிறேன், எடது கால் மரத்துக் கெடக்கு. ஒரு கண்ணும் மங்கிருச்சு. நடந்தா அந்தக் கால் நாங்க குடியிருந்த லயத்து வாசல் மணல்ல கோடு இழுத்துக்கிட்டே வரும். எனக்கு வயசு இருவத்தாறுதான்.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில வைத்தியம் பாக்குற எங்க டிரசர் சிவசிதம்பரம் யாழ்ப்பாணத்துக்காரரு. ஓடிப்போன வெள்ளைக்கார டாக்டரு விட்டுட்டுப் போன பத்திரிகை அத்தனையும் கரைச்சுக் குடிச்சவரு.

"மூளையிலையிருந்து ரத்தம் இறங்கிற நரம்பு அடைச்சுப் போச்சு, பிள்ளை. அமெரிக்காவிலை நாய்க்கு இப்பிடி அடைச்சுப் பாத்தவை. அதுக்கும் கால் இழுத்ததாம்" அப்படின்னாரு. போச்சுடா, என்னைய நாயோட சேத்துட்டாருன்னு நெனச்சேன்.

பக்கத்து எஸ்டேட்டு டிரசர் அமிர்தலிங்கம் வந்து பாத்தாரு. "அடைப்பாவது மண்ணாவது! இது பெரிபெரி லா. தவிடு குடுங்க, சரியாப் போயிரும்."

அவரு அடைப்புன்னாரு, இவரு சத்தில்லன்னாரு. கடைசியில ஒரே நாள்ல ஒருத்தரு என் கழுத்துல நாலு அட்டைய விட்டாரு, இன்னொருத்தரு வாயில தவிட்டுக் கஞ்சிய ஊத்துனாரு. மறுநாள் ஊசியால உள்ளங்கால்ல குத்திப் பாத்தாங்க. அடக்கிப் பாத்தேன், முடியல, விரல் வெடுக்குன்னு இழுத்துக்கிச்சு. "பாத்தீரோ! அட்டை வேலை செய்யுது" அப்படின்னு குதிச்சாரு சிவசிதம்பரம். "தவிடுய்யா அது, தவிடு!" இது அமிர்தலிங்கம்.

ரெண்டும் இல்ல. அதுக்கு மூணு நாள் முன்னாடியே கால்ல உசுரு வந்துருச்சு. தானா வந்துச்சு, கண்ணும் கூடவே தெளிஞ்சுருச்சு. நான்தான் வாயத் தொறக்கல.

ஏன்னா, அப்ப சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரனுங்க ஆள் புடிச்சுக்கிட்டிருந்தாங்க. பேர் எழுதுறது எங்கள வேலை வாங்குற மண்டோர் சன்னாசி. போனவங்க யாரும் திரும்பி வரல. பொஞ்சாதி நடமாட முடியாதவ, பாத்துக்க வேற ஆள் இல்லன்னு டிரசர் எழுதிக் குடுத்த துண்டுக் காகிதம்தான் எங்க வூட்டுக்காரரக் காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு. நான் நடந்தா அவரு சயாமுக்குப் போவணும். அதனால ஆள் பாக்குறப்ப இழுத்து இழுத்து நடப்பேன். யாரும் இல்லாதப்ப ஓடிப்போயி பைப்புல தண்ணி புடிச்சுட்டு வந்து படுத்துக்குவேன். அவருகிட்டயும் சொல்லல. அவருக்குப் பொய் சொல்ல வராது, மொகமே காட்டிக் குடுத்துரும்.

ஆனா நான் நொண்ட நொண்ட சிவசிதம்பரத்துக்கு ஆசை கூடிப்போச்சு. "அட்டை பாதி அடைப்பை எடுத்திட்டுது. மிச்சத்துக்குக் கழுத்து நரம்பைக் கீறித் திறக்கவேணும்" அப்படின்னுட்டாரு.

முடியாதுன்னா, ஏன் உனக்கு நடக்க ஆசை இல்லியான்னு சன்னாசி கேப்பான். அவன் கண்ணு ஏற்கெனவே என் கால் மேலதான் இருந்துச்சு.

ஆஸ்பத்திரி பெஞ்சுல படுக்க வச்சாங்க. சன்னாசி காலைப் புடிச்சான். எங்க வூட்டுக்காரரு தலையப் புடிச்சாரு. டிரசர் அவருக்கு வெளக்கம் சொன்னாரு: "வெட்டிலை ஒட்டுப்பால் காய்ஞ்சு கிடந்தால் பால் இறங்குமோ? உரிச்சுப் போட்டுத்தானே வெட்டுவியள்?"

ரப்பர் மரத்தக் காட்டிச் சொன்னா தலையாட்டாத வெட்டுக்காரன் உண்டா? எங்க வூட்டுக்காரரும் ஆட்டுனாரு. எனக்கே ஒரு நிமிஷம் சரின்னு பட்டுச்சுன்னா பாத்துக்குங்க!

"கொலை பண்ணாதய்யா!" அப்படின்னு வாசல்ல நின்னு கத்துனாரு அமிர்தலிங்கம். "நீர் பேசாமல் நில்லும்" அப்படின்னாரு சிவசிதம்பரம். கழுத்துல மருந்து தடவுனாங்க, சில்லுன்னு இருந்துச்சு. சொல்லிருவோமா, சொல்லிருவோமான்னு நாக்கு நுனி வரைக்கும் வருது. அண்ணாந்து அவரு மொகத்தப் பாத்தேன். சொல்லல.

கத்தி கிட்ட வந்துச்சு. டிரசர் கை ஆடுச்சு. மாசக்கணக்குல மரவள்ளிக்கெழங்கு மட்டுமே தின்ன கை, ஆடாம என்ன செய்யும்? எங்க வூட்டுக்காரரு அந்தக் கையவே பாத்தாரு.

"நிறுத்துங்க ஐயா. அவளுக்குக் கால் நல்லாருக்கு. அட்டை விடறதுக்கு மூணு நாள் முன்னாடியே நடந்துட்டா."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"ஆளில்லாதப்ப அவ நடந்த தடத்துல, வாசல் மணல்ல கோடு நின்னு போச்சு ஐயா. யாரும் பாக்குறதுக்கு முன்னாடி நான்தான் தெனம் பால் வெட்டுற உளிக் காம்பால இழுத்து விட்டேன்."

நடக்குற சந்தோஷத்துல நான் இழுக்காத கோடு எப்படி வாசல்ல கெடக்குன்னு பாக்கவே இல்லியே, பாவி நான்!

சிவசிதம்பரம் கத்தியக் கீழ வச்சாரு. "அப்ப, அட்டையாலை இல்லையோ?" அப்படின்னு ஈனசுரத்துல கேட்டாரு. "அப்ப தவிடுதான்!" அப்படின்னாரு அமிர்தலிங்கம். "தவிடும் அதே நாள்தானே ஊத்துனீங்க?" அப்படின்னேன். காதுலயே வாங்கல. ரெண்டு பேரும் மறுபடி ஆரம்பிச்சுட்டாங்க.

சன்னாசி மட்டும் என் காலை விட்டுட்டு எந்திரிச்சான். "வெள்ளிக்கெழமை லோரி வருது, வீரமுத்து" அப்படின்னு சொல்லிட்டு வெளிய போனான்.

வூட்டுக்கு வந்ததும் அவரு நெஞ்சுலயே குத்துனேன். கூறுகெட்ட மனுசா, என் கழுத்து போனா போவுது, நீ எதுக்கு வாயத் தொறந்தேன்னு அழுதேன். "நானும் வெட்டுக்காரன்தானே புள்ள. அந்தக் கை ஆடுன ஆட்டத்துக்கு, கத்தி பட்டையத் தாண்டி மரத்துல எறங்கியிருக்கும்" அப்படின்னாரு.

வெள்ளிக்கெழமை அவர ஏத்திக்கிட்டுப் போன லோரி பின்னாடியே சி ரூசா முக்கு வரைக்கும் ஓடுனேன். ரெண்டு காலும் நல்லா ஓடுச்சு.

ஆறு மாசம் கழிச்சு எடது கால் மறுபடி மரத்துப் போச்சு. ரெண்டு டிரசரும் வந்து பாத்துட்டு, இந்தத் தடவையாவது நடிக்காதன்னாங்க. அதுல மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே பேச்சு. அவங்க போன பெறகு வாசலுக்கு எறங்குனேன். மணல்ல கோடு விழுந்துச்சு. நானே இழுத்ததுதான். இருந்தாலும் அவரு உளிக் காம்புத் தடம் இருக்குதான்னு குனிஞ்சு பாத்தேன்.